காசிம் பாயின் பூ விறகு

விறகு விற்கிறவர் பீடி குடிக்கலாமா என்று காரிமங்கலத்தில் யாரும் காசிம் பாயைக் கேட்டதில்லை. எண்பத்து மூன்றாம் வருடக் கோடையில் அவருடைய விறகுத் தொட்டியின் தென்மூலை பற்றிக்கொண்டபோது எல்லோரும் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுகிற அண்டாவையே தூக்கிவந்து கவிழ்த்தார். ஒருவழியாகத் தீ அடங்கியது. காசிம் பாய் பெருமூச்சு விட்டு, பதற்றம் தணிவதற்காகப் பையிலிருந்து இன்னொரு பீடியை எடுத்து வாயில் வைத்தார். அதை அவர் மனைவி ஷரீபுன்னிசா பார்த்துவிட்டாள்.

"பீடி வேணுமா, தொட்டி வேணுமா? இப்பவே சொல்லிடுங்க."

காசிம் பாய் கொஞ்சம் யோசித்தார். யோசித்த குற்றத்துக்காகவே பீடியும் தீப்பெட்டியும் சாக்கடைக்குப் போயின.

அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. சந்தைத் திடலுக்குப் பின்னால் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் வீடு. லாரியில் வேலிக்காத்தானும் புளியும் வேம்பும் வந்து இறங்கும். கூலிக்காரர்கள் பிளந்து அடுக்குவார்கள். வாங்க வருகிறவர்களுக்கு எடை போடுவதுதான் பாயின் வேலை. மற்ற நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பது. அந்த உட்காருதல் எல்லாவற்றுக்கும் இதுவரை பீடி துணையிருந்தது.

பீடி போனதும் கைகள் அவர் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. சட்டைப் பொத்தான்களைத் திருகித் திருகி ஒவ்வொன்றாகக் கழற்றின. கட்டில் கயிற்றைப் பிரித்தன. தாடியில் ஒரு பக்கத்தை மட்டும் பிடுங்கிப் பிடுங்கிக் குறைத்துவிட்டன. ஒரு நாள் பேசிக்கொண்டே தராசுச் சங்கிலியின் வளையத்தை நெம்பிவிட்டார். தட்டு அறுந்து, விறகு வாங்க வந்த அம்மாவின் காலடியில் மயிரிழை தப்பி விழுந்தது.

"கைக்கு எதாச்சும் வேலை குடுங்க," என்றாள் ஷரீபுன்னிசா. "இல்லாட்டி கட்டி வைப்பேன்."

வெள்ளரிப்பிஞ்சு சீவுவதற்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தி பக்கத்தில் கிடந்தது. பிஞ்சு தீர்ந்த பிறகு, பாய் என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே கத்தியின் முனையால் ஒரு விறகுக் கட்டையில் குத்தினார். சாய்வாக ஒரு வெட்டு, எதிரே சாய்வாக ஒரு வெட்டு, மேலே குறுக்காக ஒன்று. டக்கென்று ஒரு முக்கோணச் சில்லு தெறித்து, அவருடைய டீக்குள்ளேயே போய் விழுந்தது.

பாய் டீயைப் பார்க்கவில்லை. சில்லு இருந்த குழியைப் பார்த்தார். மூன்று சரிவுகள் உள்ளே இறங்கி, அடியில் ஒரே புள்ளியில் சேர்ந்திருந்தன. குட்டிக் கிணறு மாதிரி இருந்தது. வெயில் ஒரு சரிவில் விழுந்து அடுத்த சரிவில் நிழலாக நின்றது. விரலை வைத்துப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னொன்று தோண்டினார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அந்தக் கட்டை முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகியிருந்தது. சட்டையில் ஒரு பொத்தான்கூடக் குறையவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் நினைத்தது போல வரவில்லை. வீட்டுக் கத்தி மெல்லியது, அழுத்தினால் வளைந்தது. புளியங்கட்டை கத்தி முனையை முறித்தது. வேலிக்காத்தான் கத்தியை விட்டுவிட்டுக் கையைக் கிழித்தது. முருங்கைக் கட்டை ஒன்று கிடைத்தது, அது ஊறிய ரொட்டி மாதிரி நசுங்கியது. மர இழையின் ஓட்டத்துக்கு எதிராக வெட்டினால் சிராய் பிளந்துகொண்டு கோடு எங்கேயோ போனது. ஒரு சில்லு எடுக்கப் போனால் பக்கத்துச் சில்லும் கூடவே எழுந்து வந்தது. விரல்களில் கட்டுப்போடாத விரல் எது என்று தேட வேண்டியிருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்யும்போது பள்ளிவாசலில் பக்கத்திலிருந்தவர்கள், "விறகு தூக்குறதுல இவ்வளவு காயமா?" என்று பரிதாபப்பட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு ரோட்டுப் பட்டறைக்குப் போய், உடைந்த ஆக்ஸா பிளேடில் சின்னதாக ஒரு கத்தி அடித்துத் தரச் சொன்னார். முனை சாய்வாக, அலகு கட்டைவிரல் நீளத்துக்கு மேல் போகாமல்.

"ஆட்டுக்கா பாய், கோழிக்கா?" என்றார் பட்டறைக்காரர்.

"விறகுக்குங்க."

பட்டறைக்காரர் சுவரில் மாட்டியிருந்த கோடாலியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். "விறகுக்குத்தான் கோடாலி இருக்குதே?"

"இது மெதுவா வெட்டுறதுக்குங்க."

சைக்கிள் டியூப் சுற்றிய பிடியோடு கத்தி வந்தது. அதைச் சாணைக்கல்லில் தீட்டி, பழைய பெல்ட்டில் இழுத்து, முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்துத்தான் பாய் வேலையைத் தொடங்குவார். கட்டைவிரலைக் கட்டையில் ஊன்றிக்கொண்டு, கத்தியை ஒரே சாய்வில் பிடித்து இழுத்தால் கோடு சுத்தமாக வரும் என்று கண்டுபிடித்தார். லோடு இறக்குகையில் வெப்பாலைக் கட்டைகள் கொஞ்சம் வந்தன. பட்டையை உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று, வெண்ணெய் மாதிரி. கத்தி எந்தப் பக்கம் போனாலும் மரம் சண்டை போடவில்லை. சென்னபட்டணத்தில் பொம்மை செய்கிற மரம் இதுதான் என்று லாரி டிரைவர் கன்னடத்தில் சொன்னார். அதிலிருந்து பாய் வெப்பாலையைத் தனியாக ஒதுக்கித் தகரக் கொட்டகைக்குள் வைத்துக்கொண்டார்.

முக்கோணம் கைக்கு வந்தது. வளைவாக இரண்டு வெட்டு வெட்டினால் இலை வந்தது. இலைகளைச் சுற்றி அடுக்கினால் பூ வர வேண்டும், ஆனால் வரவில்லை. வட்டம் ஒழுங்காக இருந்தால்தான் பூ ஒழுங்காக இருக்கும் என்று தோன்ற, நோட்டுப் புத்தகக் கடைக்குப் போய் ஒரு காம்பஸ் கேட்டார்.

"பையன் என்னா கிளாஸ் பாய்?" என்றார் கடைக்காரர்.

"பையன் இல்லீங்க. ரெண்டும் பொண்ணு. கட்டிக் குடுத்தாச்சு."

"அப்ப இது?"

"எனக்குத்தாங்க."

சாயங்காலத்துக்குள் காசிம் பாய் பத்தாங் கிளாஸ் பிரைவேட்டாக எழுதப் போகிறார் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ராஜாமணி டீச்சரே தொட்டிக்கு வந்தார். வழக்கமாக இங்கேதான் விறகு வாங்குகிறவர்.

"பாய், அல்ஜீப்ராவுல சந்தேகம்னா கேளுங்க, வெக்கப்படாதீங்க. எங்க மாமனார் அறுவது வயசுல ஹிந்தி எழுதுனாரு."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கணக்கு டீச்சர் வலிய வந்திருக்கும்போது விட மனமில்லாமல் கட்டையை எடுத்து நீட்டினார். "வட்டம் வருதுங்க டீச்சர். உள்ளார பூவுதான் வரமாட்டேங்குது. ஒரு எதழு பெருசு, ஒரு எதழு சிறுசு."

டீச்சர் கட்டையை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு விறகு அடுக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "காம்பஸ் அகலத்த மாத்தாதீங்க. வட்டம் போட்ட அதே அளவு. கோட்டு மேல முள்ள வெச்சு இப்பிடி ஒரு வளைவு. வளைவு எங்க முட்டுதோ, அங்க முள்ள வெச்சு அடுத்தது. சுத்தி வந்தா ஆறு எதழு தானா உக்காரும்."

உட்கார்ந்தது. பாய் அதைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்," என்றார். டீச்சருக்கும் மகிழ்ச்சி. இத்தனை வருடத்தில் காம்பஸைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை அவர் வகுப்பில் பார்த்ததில்லை.

அந்த மகிழ்ச்சி டீச்சர் வீட்டுக்கு விறகு போய்ச் சேரும் வரைதான் இருந்தது. நன்றிக்கடனாகப் பாய் ஒவ்வொரு கட்டையிலும் பூ வெட்டி அனுப்பியிருந்தார். இரண்டு நாளில் டீச்சர் திரும்பி வந்தார்.

"பாய், பூ இல்லாத விறகா குடுங்க. ஒவ்வொண்ணா எடுக்கறேன், அடுப்புல வெக்கக் கை வரல. நேத்து எங்க வூட்ல எல்லாரும் பழைய சோறு."

டீச்சர் மட்டுமல்ல. பாய்க்கு வேறு மரப்பலகை எதுவும் கிடையாது, கையில் கிடைக்கிற விறகில்தான் வெட்டினார். விறகு வாங்கிப் போனவர்கள் பாதிப் பேர் அடுப்பில் வைக்க மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் எடையில் குறை சொன்னார்கள். "பூ நோண்டுன எடையக் கழிச்சீங்களா?" என்று ஒருவர் கேட்டதிலிருந்து, பாய் அந்தந்தக் கட்டையின் சில்லுகளைக் கூட்டி அள்ளி, செய்தித்தாளில் மடித்து, தராசில் விறகுக்கு மேலேயே வைத்துக் கொடுத்தார். அதற்கு மேல் யாரும் எடையில் குறை சொல்லவில்லை. ஆனால் பூ விறகும் போகவில்லை. தகரக் கொட்டகையில் வெள்ளை அடுக்காக உயர்ந்துகொண்டே போயிற்று.

"இத என்னா பண்றதா உத்தேசம்?" என்று ஷரீபுன்னிசா கேட்டாள்.

"இருக்கட்டும். நனையாமத்தான இருக்குது," என்றார் பாய்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வெளியே அடுக்கியிருந்த விறகெல்லாம் ஊறிப்போயிருந்த ஒரு காலையில், நிலக்கடலை வியாபாரி பெரியண்ணன் இறந்துவிட்டதாகவும் சுடுகாட்டுக்கு உடனே காய்ந்த விறகு வேண்டும் என்றும் அவருடைய அக்கா மகன் ஓடி வந்தான்.

காசிம் பாய் தலையைச் சொறிந்தார். "காஞ்சது இருக்குதுங்க. ஆனா பூ இருக்குது. பரவால்லீங்களா?"

"பூவெல்லாம் தனியா வாங்கியாச்சு பாய். நீங்க வெறகக் குடுங்க."

பாய் கட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றி, சாக்கைப் போட்டு மூடி, மனசு கேட்காமல் தானும் கூடவே போனார்.

சுடுகாட்டில் கட்டை அடுக்குகிறவர் மாயவன். சாக்கை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சொந்தக்காரர்களைப் பார்த்து, "எந்தப் பக்கம் மேல வருதுங்க?" என்றார்.

இதுவரை எந்தச் சாவிலும் எழாத கேள்வி. பங்காளிகள் கூடிப் பேசினார்கள். பூ வானத்தைப் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். படுத்திருக்கிறவருக்கு அதனால் என்ன பிரயோசனம், முதுகுக்குக் கீழேதானே போகும் என்றார் இன்னொருவர். மேலே வைக்கிற கட்டைகளில் பூ கீழ்ப்பக்கமாக இருந்தால் அவர் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, "கண்ணத்தான் மூடியாச்சே," என்று பதில் வந்தது. பெரியண்ணனின் மனைவி, அழுகையை நிறுத்திவிட்டு, "அவரு எப்பவும் ஒருக்களிச்சுத்தான் படுப்பாரு," என்றார். எல்லோரும் காசிம் பாயைப் பார்த்தார்கள்.

"நான் பூ வெட்டுறவந்தாங்க," என்றார் பாய். "இந்த விஷயத்துல எனக்கு அனுபவம் இல்லீங்க."

"மழை வருது, சீக்கிரம் சொல்லுங்க," என்றார் மாயவன்.

கடைசியில் கீழ்க்கட்டைகளில் பூ மேலேயும், மேல்கட்டைகளில் பூ கீழேயுமாக அடுக்கினார்கள். எல்லாப் பூவும் பெரியண்ணனைப் பார்த்தபடி இருந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து இடுக்கு வழியாகப் பார்த்து, "அடேயப்பா!" என்றார்கள். அதன் பிறகு வறட்டியும் வைக்கோலும் போட்டு மூடியதில் எதுவுமே தெரியாமல் போனது வேறு விஷயம். தீ வைத்ததும் வெட்டின விளிம்புகள் எல்லாம் சடசடவென்று பிடித்துக்கொண்டன. அந்த ஈரத்திலும் இவ்வளவு சுலபமாக எரிந்ததை மாயவனே எல்லோரிடமும் சொன்னார்.

குனிந்து பார்த்தவர்களில் பச்சியப்பன் ஒருவர். பெரியண்ணனின் மைத்துனர், எழுபதைத் தாண்டியவர், கிணற்றுப் பாசனமும் மாந்தோப்பும் உள்ளவர். பெரியண்ணன் ரேடியோ வாங்கினால் இவர் அதைவிடப் பெரிய ரேடியோ வாங்குவார். பெரியண்ணன் மோட்டார் போட்டால் இவர் அதைவிட அதிகக் குதிரை சக்தியில் போடுவார். மறுநாள் காலை அவர் தொட்டியில் வந்து நின்றார்.

"பாய், பெரியண்ணனுக்குப் போட்டது எத்தன எதழு?"

"ஆறுங்க பெரியவரே."

"எனக்கு எட்டுப் போடுங்க."

காசிம் பாய் திகைத்துப் போனார். "எட்டு போடலாங்க. ஆனா நீங்க இன்னும் நல்லாத்தான இருக்கறீங்க?"

"அதனாலதான் இப்பவே சொல்றேன். அப்பறம் வந்து எப்பிடிச் சொல்றது? அவனுக்கு வெச்சது முடிச்சும் கணுவுமா இருந்துச்சு. எனக்கு ஒரு கணு இருக்கக் கூடாது."

பெரியவர் தன் காளை ஜோடியையும் தலைமாட்டில் வெட்டித்தரக் கேட்டார். உசிருள்ளதின் உருவம் எங்கள் மார்க்கத்தில் கூடாது, பூவும் நட்சத்திரமும் எவ்வளவு வேண்டுமானாலும் போடுகிறேன் என்று பாய் பணிவாக மறுத்தார். பிறகு அளவு சரியாக இருக்க வேண்டும் என்று பச்சியப்பன் துண்டை விரித்து, கொட்டகையிலிருந்த அடுக்கின் மேல் மல்லாந்து படுத்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்த ஷரீபுன்னிசா அலறிவிட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி," என்றார் பச்சியப்பன் படுத்தபடியே. "அளவு பாக்கறோம்."

பாய்க்கு முதலில் கூச்சமாக இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதருக்குச் சுடுகாட்டு விறகு செதுக்குவதா? ஆனால் எட்டு இதழைக் கணக்குப் போட ஆரம்பித்ததும் கூச்சம் மறந்துபோயிற்று. வட்டத்தைக் குறுக்காக நாலாகப் பிரித்து, நாலை எட்டாக்கி, இதழுக்கு நடுவே சின்ன முக்கோணங்கள், வெளியே கோரைப்பாய் முடைந்த மாதிரி ஒரு கரை. நன்றாக வராத கட்டைகளைக் கழித்துவிட்டு மறுபடி வெட்டினார். இதுவரை யாருமே அவருடைய பூவைக் கேட்டு வாங்கியதில்லை. இப்போது ஒருவர், தன் காசைக் கொடுத்து, தன் மேலேயே போட்டுக்கொள்ளக் கேட்கிறார்.

வேலை பாதியில் இருக்கும்போது பச்சியப்பனுக்கு நிமோனியா வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பாய் கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டே போனார். அதில் ஒரு பகுதி பெரியவருக்காகவும் ஒரு பகுதி வேலைக்காகவும் இருந்தது. எது எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை. கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் நின்றிருந்தது. மகன் கோவிந்தன் கண் கலங்கியிருந்தான். பெரியவர் கண்ணைத் திறந்து பாயை அடையாளம் கண்டுகொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றார் ஈன சுரத்தில்.

"கால்மாட்டுப் பக்கம் இன்னும் பாக்கி இருக்குதுங்க."

பச்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "அரையுங் குறையுமா போயி பெரியண்ணன் முன்னாடி எப்பிடி நிக்கறது?" என்று முனகினார். கஞ்சி கேட்டார். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் மருந்து என்றார். கோவிந்தன் குலதெய்வம் என்றான். ஊரில் மட்டும் பேச்சு வேறு மாதிரி கிளம்பிற்று: காசிம் பாயிடம் கட்டை சொல்லி வைத்தால், முடிகிற வரை சாவு வராது. இதைக் கேட்டு வந்தவர்களைப் பாயால் சமாளிக்க முடியவில்லை. முதலில் வயசானவர்கள் வந்தார்கள். பிறகு வயசாகாதவர்களும் வந்து, "மெதுவா செய்ங்க பாய், அவசரமில்ல," என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். கொட்டகையில் இடம் பற்றாமல் இன்னொரு கொட்டகை போட்டார். யாருடைய அடுக்கு எது என்று வெட்டியிருக்கும் பூவை வைத்தே அவருக்குத் தெரியும். சந்தை நாளில் உரியவர்கள் வந்து, அவரவர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பொரி தின்றபடி ஊர்ப்பேச்சுப் பேசினார்கள். தன்னுடையதில் மற்றவர் உட்கார்ந்தால் சண்டை வந்தது. கிழவி ஒருவர் தன் பூவில் ஓர் இதழ் கோணலாக இருக்கிறது என்று வாரம் தவறாமல் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். சமையலுக்கு விறகு கேட்டு வருகிறவர்களிடம், "இது ஆளிருக்குதுங்க," என்று சொல்லிச் சொல்லிப் பாய்க்கு வாய் வலித்தது.

ஆனால் வேலை மெருகேறிக்கொண்டே போனது. ஷரீபுன்னிசாவுக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. தாடியும் இரண்டு பக்கமும் சமமாக வளர்ந்துவிட்டது.

எண்பத்தைந்தில் பச்சியப்பனின் பேத்திக்கு, அதாவது கோவிந்தனின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கடத்தூர்ப் பக்கம், வசதியான குடும்பம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. பந்தலுக்குப் பின்னால் குவித்திருந்த சமையல் விறகு முழுக்க நனைந்துவிட்டது. விடிந்தால் முகூர்த்தம். இருட்டும் முன் கோவிந்தன் சொட்டச் சொட்ட வந்து தொட்டியில் நின்றான்.

"பாய், காஞ்ச வெறகு எது இருந்தாலும் குடுங்க. சமையல்காரரு அடுப்பப் பத்த வெக்க முடியாம உக்காந்திருக்கறாரு."

"காஞ்சது எல்லாமே ஆளிருக்கறதுங்க, கோவிந்து. மத்தவங்க கட்டைய நான் எப்பிடித் தொடறது?"

இருவருமே ஒரே சமயத்தில் கொட்டகையின் உள்மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பச்சியப்பனின் அடுக்கு, கால்மாடு வரை முடிந்து, கணு இல்லாமல், எட்டு இதழும் கரையுமாக வெள்ளை வெளேரென்று நின்றது.

"அது எங்க குடும்பத்து வெறகுதான?" என்றான் கோவிந்தன் மெல்ல.

"உங்கப்பாவக் கேக்கணுங்க."

"அவரு சம்பந்தி வூட்டுக்காரங்கள வரவேத்துக்கிட்டு இருக்கறாரு. இப்ப கேட்டா கல்யாணமே நின்னுரும்."

பாய் அடுக்கைத் தடவிப் பார்த்தார். எவ்வளவு உழைப்பு. ஆனால் எதற்காக உழைத்தோம், எரிவதற்குத்தானே என்றும் நினைத்தார். முதல் கட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

சமையல்காரர் இன்னாசி ஒரு கட்டையைப் புரட்டிப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கோவிந்தனின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "கல்யாணச் சோத்த இதுலயா ஆக்கறது?" என்றார்.

"பொணம் ஏறுற வரைக்கும் அது வெறும் வெறகுதாம்மா," என்றார் இன்னாசி. "எனக்கு நாலு அடுப்பு எரியணும். அவ்வளவுதான்."

எரிந்தது. மாயவன் சொன்னது போலவே சடசடவென்று பிடித்துக்கொண்டு ஜோராக எரிந்தது. அடுத்த நாள் காலை சோறு வடிக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, சமையல் எந்த மட்டும் இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில் அடுப்புப் பக்கம் வந்தார். அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைகளைப் பார்த்ததும் கண் விரிந்துபோயிற்று. ஓடிப்போய்த் தன் வீட்டாரைக் கூட்டி வந்தார். பட்டுப்புடவைக்காரிகள் புகையைப் பொருட்படுத்தாமல் குனிந்து பார்த்தார்கள். கோலம் மாதிரியே இருக்கிறது என்றார் ஒருவர். அந்த நேரத்தில் பச்சியப்பன் வந்துவிட்டார்.

வந்தவர் தன் தலைமாட்டுக் கட்டை ரசத்துக்குக் கீழே எரிவதைக் கண்டார். முகம் சிவந்தது. வாயைத் திறந்தார்.

"சம்பந்தி!" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எத்தனையோ கல்யாணம் பாத்திருக்கறேன். அடுப்பு வெறகுக்குப் பூ வேலை செஞ்ச வூட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்க வூட்ல எல்லாமே இப்பிடித்தானுங்களா?"

பச்சியப்பனின் வாய் திறந்தபடியே இருந்தது. கோவிந்தன் கரண்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னாசிக்குப் பின்னால் ஒதுங்கினான். கல்யாணத்துக்கு வந்திருந்த காசிம் பாய் அல்லாஹ்வை நினைத்தார். பெரியவர் எரிகிற கட்டையைப் பார்த்தார், சம்பந்தி வீட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மீசையை மெல்ல நீவிவிட்டுக்கொண்டார்.

"எங்க வூட்ல எப்பவும் இப்பிடித்தானுங்க," என்றார். "சும்மா வெறகுல சமைச்சா எனக்கு எறங்காது."

பந்தியில் பாயைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். முதலில் சோற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். ரசம் இரண்டாம் முறை வாங்கினார்.

"நல்லா வெந்திருக்குது," என்றார் பாயின் காதோரம். "பெரியண்ணன் கட்டையில ஒரு உளுந்து கூட வெந்ததில்ல."

"புதுசா ஆரம்பிச்சுடலாங்களா பெரியவரே?"

"ஆரம்பிங்க. ஆனா மொதல்ல தீவாளிக்கு ஒரு வண்டி. சம்பந்தி வூட்ல வர்றாங்க. சும்மா வெறகக் காட்ட முடியுமா?"

அதன் பிறகு சுற்று வட்டாரத்தில் வசதியுள்ளவர் வீட்டு விசேஷத்துக்குப் பூ விறகு வேண்டும் என்று ஆயிற்று. கட்டை சொல்லி வைத்திருந்தவர்களே பேரன் கல்யாணத்துக்கும் பேத்தி சடங்குக்கும் தங்கள் அடுக்கை எடுத்துப் போனார்கள். கோணல் இதழ்க் கிழவி மட்டும் கொடுக்கவில்லை. பச்சியப்பனுக்கு ஒவ்வொரு தடவை அடுக்கு முடியும்போதும் ஏதாவது விசேஷம் வந்து அதைத் தின்றுவிட்டது. அவரும் ஒவ்வொரு தடவையும் பந்தியில் உட்கார்ந்து ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு நாள் ஷரீபுன்னிசா, உருட்டி உருட்டித் தேய்ந்துபோன சப்பாத்திப் பலகையைக் கொண்டுவந்து பாயின் முன்னால் வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் பூ. எனக்கு ஒரு பலகை. புதுசு செஞ்சு, நடுவுல ஒரு பூ போட்டுக் குடுங்க."

பாய் நல்ல வெப்பாலைப் பலகையாகப் பார்த்து அறுத்து இழைத்து, வட்டமும் போட்டுவிட்டார். கத்தியை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி தீட்டினார். மறுபடி கீழே வைத்தார். அப்படியே பல நாள் போயிற்று.

"என்னாங்க ஆச்சு? பச்சியப்பனுக்கு ஒரு வண்டி வெட்டறீங்க. எனக்கு ஒரு பூவுக்கு இவ்வளவு நேரமா?"

காசிம் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இது எரியாதே, ஷரீபு. தப்பாப் போனா அப்பிடியே இருக்கும். தெனமும் நீ பாப்ப. நானும் பாக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "தப்பாவே வெட்டுங்க," என்றாள். "முப்பது வருசமா உங்களயே பாத்துக்கிட்டு இருக்கறேன்."

பாய் அன்றைக்கே உட்கார்ந்து வெட்டினார். பன்னிரண்டு இதழ். அவர் இதுவரை வெட்டியதிலேயே சுத்தமானது. ஷரீபுன்னிசா அதைக் கழுவித் துடைத்து, மாவை வைத்து உருட்டினாள். முதல் சப்பாத்தி முழுப் பூவோடு எழும்பி வந்தது. இருவரும் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டாவதில் பாதிப் பூதான் வந்தது. மீதி மாவு குழிகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. மூன்றாவது பலகையை விட்டு வரவே மாட்டேன் என்றது. அவள் ஊசியால் மாவை நோண்டி எடுத்துவிட்டு, பலகையைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் தேய்க்க ஆரம்பித்தாள்.